குழந்தையின் தோலில் ஏதோ வந்திருக்கிறதா? க்ரீம் தேய்க்கும் முன் படிக்க ஒரு முழு வழிகாட்டி

என் சின்ன மகனுக்கு 4 வயது இருக்கும்போது ஒரு மாதம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பகலெல்லாம் ஓடி விளையாடுவான். ராத்திரி படுத்துப் போர்வையை இழுத்துப் போர்த்தியதும் வயிற்றையும் விரல் இடுக்கையும் பிறாண்ட ஆரம்பித்துவிடுவான். வெயில் காலம் என்பதால் சூடு என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். நுங்கு, சந்தனம், வேப்பிலைக் குளியல் எல்லாம் நடந்தது. அப்புறம் மருந்துக் கடையில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கினேன். தேய்த்தால் நான்கு நாள் அடங்கும், மறுபடி கிளம்பும். மூன்றாவது ட்யூப் தீரும்போதுதான் தோல் மருத்துவரிடம் போனோம். அவர் பையனின் கையைப் பார்ப்பதற்கு முன் என் கையை நீட்டச் சொன்னார். என் விரல் இடுக்கிலும் அதே சின்னச் சின்னப் பொரிகள். சமையல் வேலையால் வந்த அரிப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரச்சினை சொறி, அதாவது ஸ்கேபீஸ். முதல் நாளே "வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா?" என்று யாராவது கேட்டிருந்தால் அந்த ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். குழந்தைகளின் தோல் பிரச்சினைகள் பலவும் இப்படித்தான் நீள்கின்றன. முதலில் பார்க்க மாட்டோம், முதலில் தேய்ப்போம். அதனால் இந்த வழிகாட்டியை நோய்களின் பெயர் வரிசையில் எழுதாமல், வீட்டில் ஒரு அம்மாவோ அப்பாவோ எந்த வரிசையில் யோசிக்க வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதல் படி: எதையும் தேய்க்காமல் வெளிச்சத்தில் பாருங்கள்

ட்யூப் லைட் வெளிச்சம் போதாது. குழந்தையைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கமோ வாசலிலோ நிறுத்தி, சட்டையைக் கழற்றி முழு உடம்பையும் பாருங்கள். காது பின்புறம், அக்குள், தொப்புள், தொடை இடுக்கு, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பார்க்க வேண்டும். குழந்தை காட்டும் இடத்தில் இருப்பதைவிடக் காட்டாத இடத்தில் இருப்பதுதான் பல நேரம் விடை சொல்லும்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இணையத்தில் வரும் தோல் நோய்ப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. "சிவந்த தடிப்பு" என்று படித்துவிட்டு நம் பிள்ளையின் மாநிறத் தோலில் சிவப்பைத் தேடினால் கிடைக்காது. நம் தோலில் அழற்சி பழுப்பாக, கருஞ்சிவப்பாக, சில நேரம் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். அந்த இடம் பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, தடவினால் சொரசொரப்பாக இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். நம் குழந்தைகளுக்குக் கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும்.

பார்த்த பிறகு சில கேள்விகள். எப்போது வந்தது? அரிக்கிறதா, வலிக்கிறதா, இரண்டும் இல்லையா? ராத்திரியில் கூடுகிறதா? வீட்டில், வகுப்பில் வேறு யாருக்கு இருக்கிறது? வருவதற்கு முன் புது சோப்பு, புது மாத்திரை, புது உணவு எதாவது? காய்ச்சல் உண்டா? அப்படியே கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குப் போகும் நாளில் தடிப்பு மறைந்திருக்கும், அதுதான் வழக்கம்.

இரண்டாம் படி: காத்திருக்கக் கூடாதவற்றை முதலில் ஒதுக்குங்கள்

ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துப் புள்ளிகள் மேல் அழுத்துங்கள். சாதாரணத் தடிப்பு அழுத்தினால் மங்கும். காய்ச்சலோடு வந்த புள்ளிகள் அழுத்தியும் மங்காமல் அப்படியே இருந்தால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அது டெங்குவாக இருக்கலாம், ரத்தத்தில் பரவும் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கருத்த தோலில் இது சரியாகத் தெரியாவிட்டால் உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம் பாருங்கள்.

உதடு, நாக்கு, கண் இமை வீங்கி மூச்சு வாங்கினால், தடிப்போடு திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து மயங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள். புதிதாக ஏதோ மருந்து கொடுத்த சில நாளிலோ சில வாரத்திலோ உடம்பில் கொப்புளமும் வாயில் புண்ணும் கண்ணில் சிவப்பும் சேர்ந்து வந்தால் அந்த மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனை. 5 நாளுக்கு மேல் விடாத காய்ச்சலோடு கண் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு ஸ்ட்ராபெரி மாதிரி சிவந்திருந்தால் அது கவாசாகி நோயாக இருக்கக்கூடும். இதயத்தின் ரத்தக் குழாயைப் பாதிக்கும் நோய் அது. பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சலோடு எந்தக் கொப்புளம் வந்தாலும் கைவைத்தியம் கூடாது.

இவை எதுவும் இல்லை என்றால் சரி, அவசரம் இல்லை. நிதானமாக அடுத்த படிக்குப் போகலாம்.

மூன்றாம் படி: ராத்திரி அரிப்பா? வீட்டில் எல்லோரையும் பாருங்கள்

சொறிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய, எட்டுக் கால் உள்ள ஒரு பூச்சி. பெண் பூச்சி தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டி தினமும் இரண்டு மூன்று முட்டை இடும். அரிப்பு வருவது பூச்சி கடிப்பதால் அல்ல, அதற்கும் அதன் எச்சத்துக்கும் உடம்பு காட்டும் ஒவ்வாமையால். அதனால்தான் முதல் முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் பக்கத்தில் படுக்கும் அம்மா, தம்பி, பாட்டி என்று எல்லோருக்கும் பரவியிருக்கும். ஒருவருக்கும் அரிக்கவில்லை என்பதால் ஒருவருக்கும் இல்லை என்று ஆகாது.

விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு, ஆண் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பு, இவைதான் வழக்கமான இடங்கள். கைக்குழந்தைகளுக்கு மட்டும் உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகத்திலும் வரும். கைக்குழந்தையின் உள்ளங்காலில் கொப்புளம் பார்த்தால் முதலில் சொறியை நினையுங்கள்.

மருந்து எளிது. 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம். ஆனால் அதைப் போடும் முறையில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். அரிக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைத்தால் பலன் இல்லை. கழுத்திலிருந்து கால் விரல் வரை, அரிக்காத இடத்திலும், நகத்தின் அடியிலும், தொப்புளுக்குள்ளும், பிட்டத்தின் இடுக்கிலும் பூச வேண்டும். கைக்குழந்தைகளுக்குக் கண்ணையும் வாயையும் விட்டுவிட்டுத் தலை, முகத்துக்கும் பூச வேண்டும். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். ராத்திரி பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து காலையில் குளிக்க வைக்கலாம். நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடி பூச வேண்டும். விரல் சூப்பும் குழந்தைக்குக் கையுறையோ சாக்ஸோ போட்டுவிடுங்கள். பால் கொடுக்கும் அம்மா மார்புக் காம்பைக் கழுவிவிட்டுப் பால் கொடுத்து, பிறகு மறுபடி பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இதே வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டும், ஏனென்றால் முதல் முறை தப்பித்த முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வீட்டில் உள்ள அத்தனை பேரும் அதே ராத்திரி பூச வேண்டும். அரிப்பு இல்லாத தாத்தாவும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவும் சேர்த்து. ஒருவர் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று விலகினால் மூன்று வாரத்தில் வீடு முழுக்கத் திரும்ப வரும். எங்கள் வீட்டில் அப்படி ஒருமுறை வந்தது.

மறுநாள் காலை, அதற்கு முந்தைய மூன்று நாட்களில் பயன்படுத்திய துணி, படுக்கை விரிப்பு, துண்டு எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள். உடம்பை விட்டு வெளியே வந்தால் இந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது. துவைக்க முடியாத மெத்தை, பொம்மைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஓரமாக வைத்தால் போதும். வீட்டுக்கு மருந்தடிக்கத் தேவையில்லை.

மருந்து போட்ட பிறகும் 2 முதல் 4 வாரம் அரிப்பு இருக்கும். செத்த பூச்சி தோலுக்குள் இருக்கும்வரை ஒவ்வாமை அடங்காது. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து தினமும் பெர்மெத்ரின் பூசும் பெற்றோர் நிறையப் பேர். அதனால் தோல் வறண்டு அரிப்பு கூடும், அவ்வளவுதான். அந்த நாட்களில் கேலமைன் லோஷனும் மருத்துவர் தரும் அரிப்பு மருந்தும் போதும். பழைய காமா பென்சீன் லோஷன் வீட்டில் இருந்தால் குழந்தைக்குப் போடாதீர்கள். அது நரம்பைப் பாதிக்கக்கூடியது, வலிப்புகூட வரலாம்.

நான்காம் படி: தேன் நிறப் பொருக்கு வந்தால்

சொறிந்த இடத்தில், கொசு கடித்த இடத்தில், மூக்கு ஒழுகி உரசிய மேலுதட்டில் சின்னக் கொப்புளம் வரும். உடைந்து நீர் வடிந்து, காய்ந்த தேன் மாதிரிப் பொருக்கு கட்டும். இது சிரங்கு, பாக்டீரியாத் தொற்று. பள்ளியில் ஒரு குழந்தைக்கு வந்தால் பெஞ்ச் முழுக்கப் போகும்.

பொருக்கின் மேல் மருந்தைப் போட்டால் மருந்து உள்ளே இறங்காது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியைச் சில நிமிடம் வைத்து ஊற விட்டால் பொருக்கு தானாக இளகும். மெதுவாகத் துடைத்துவிட்டு மருத்துவர் சொன்ன முபிரோசின் அல்லது ஃபுசிடிக் ஆசிட் களிம்பைப் பூச வேண்டும். நான்கைந்து இடத்துக்கு மேல் பரவியிருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ வாய்வழி மருந்து தேவைப்படும். துண்டு தனி, தலையணை உறை தனி, நகம் ஒட்ட வெட்ட வேண்டும். மருந்து தொடங்கி ஓரிரு நாள் கழித்துப் பள்ளிக்கு அனுப்பலாம்.

சிரங்கு ஆறிய பிறகும் கொஞ்ச நாள் கவனம் வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த சிரங்கு என்றால், தோல் ஆறி சில வாரம் கழித்துச் சிறுநீரகத்தில் அழற்சி வரலாம். காலையில் எழும்போது முகம், கண்ணைச் சுற்றி வீங்கியிருப்பது, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போவது, அளவு குறைவது, இவை தெரிந்தால் உடனே மருத்துவமனை. பல குடும்பங்கள் ஆறிப்போன சிரங்கையும் இந்த வீக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பதில்லை, மருத்துவர் கேட்டால்தான் ஞாபகம் வரும்.

கிராமங்களில் ஒரு பக்கமாகக் கொத்தாக வரும் கொப்புளத்தை அக்கி என்பார்கள், அதற்குக் குயவரிடம் போய்க் காவி எழுதுவார்கள். அக்கி என்பது பெரும்பாலும் பழைய சின்னம்மை வைரஸ் நரம்பு வழியே திரும்ப வருவது, இரண்டு மூன்று வாரத்தில் தானாக ஆறும். அதனால் எழுதியதால் ஆறியது என்று தோன்றும். சிரங்கையும் சிலர் அக்கி என்றே சொல்வதுதான் சிக்கல். நீர் வடியும் புண்ணில் மண் கலந்த எதையும் பூச வேண்டாம். கண்ணுக்குப் பக்கத்திலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் பார்வைக்கே ஆபத்து உண்டு, கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

ஐந்தாம் படி: வட்டமாக இருந்தால் ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

ஓரம் தடித்து, நடுவில் ஆறியதுபோல, வட்டமாகப் பெரிதாகிக்கொண்டே போனால் படர்தாமரை. பூஞ்சைத் தொற்று. க்ளோட்ரிமசோல், டெர்பினாஃபின் போன்ற தனிப் பூஞ்சை மருந்து, வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் அளவு சேர்த்துப் பூசி, தோல் சரியான பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்தால் போய்விடும். அல்லது, ஒரு காலத்தில் போய்விட்டுக்கொண்டிருந்தது.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவில் படர்தாமரை கட்டுக்கடங்காமல் போயிருக்கிறது. குடும்பம் குடும்பமாக, மாதக்கணக்கில் தீராமல் அலைகிறார்கள். மருந்துக்கு அடங்காத இந்தப் பூஞ்சை வகைக்கு இந்தியாவின் பெயரை ஒட்டியே இண்டோட்டினே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கண்டபடி போட்ட கலவை க்ரீமுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அந்த ட்யூபில் ஒரு பூஞ்சை மருந்து, ஒரு பாக்டீரியா மருந்து, கூடவே வீரியமான ஸ்டீராய்டு என மூன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் இரண்டே நாளில் அடக்கிவிடும். கூடவே அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பையும் அடக்கிவிடும், பூஞ்சை நிம்மதியாகப் பரவும். வட்டத்தின் வடிவமே மாறிப்போய் மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். நான் முதலில் வாங்கிய ட்யூப் இந்த வகைதான். சொறிக்கு அதைப் பூசியதால்தான் நான்கு நாள் அடங்கி மறுபடி வந்தது.

2018-ல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. அதனால் உங்கள் கண்ணைத்தான் நம்ப வேண்டும். ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள பெயர்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், ஹைட்ரோகார்ட்டிசோன் என "சோன்" என்று முடிவதெல்லாம் அநேகமாக ஸ்டீராய்டு. இதில் மாட்டாத ஒன்று க்ளோபெடாசோல். பெயர் பூஞ்சை மருந்தான க்ளோட்ரிமசோல் மாதிரியே ஒலிக்கும், ஆனால் இருப்பதிலேயே வீரியமான ஸ்டீராய்டுகளில் அது ஒன்று. கடையில் வாயால் பெயர் சொல்லி வாங்கும்போது இந்த இரண்டும் மாறிப்போக வாய்ப்பு அதிகம். எழுதிக் காட்டி வாங்குங்கள்.

குழந்தையின் மெல்லிய தோலில் வீரிய ஸ்டீராய்டை வாரக்கணக்கில் போட்டால் தோல் காகிதம்போல மெலியும், நரம்பு தெரியும், அக்குளிலும் தொடையிலும் பிரசவத் தழும்பு மாதிரிக் கோடு விழும். அந்தக் கோடு பிறகு போகாது.

தலையில் வரும் படர்தாமரை தனிக் கதை. வட்டமாக முடி உதிர்ந்து, செதில் பறந்து, முடி வேரோடு ஒட்ட ஒடிந்து கரும்புள்ளிபோல் இருக்கும். இதற்கு எந்த க்ரீமும் போதாது, மாத்திரையோ சிரப்போ வாரக்கணக்கில் தர வேண்டும். செதிலே இல்லாமல் வழவழவென்று வட்டமாக முடி போயிருந்தால் அது புழுவெட்டு. பெயரில்தான் புழு, உள்ளே எந்தப் புழுவும் இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடியின் வேரைத் தாக்குவதால் வருவது. பூண்டும் வெங்காயமும் வைத்துத் தேய்க்கிறார்கள். பச்சைப் பூண்டு குழந்தையின் தோலைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும், தயவுசெய்து வேண்டாம்.

ஆறாம் படி: வந்து வந்து போகும் வறட்டு அரிப்பு

கைக்குழந்தைக்குக் கன்னத்தில் சொரசொரப்பாகத் தொடங்கும். நடக்க ஆரம்பித்த பின் முழங்கை மடிப்பு, முழங்கால் பின்மடிப்பு, கழுத்து என்று இடம் மாறும். சில நாள் தணியும், மறுபடி கிளம்பும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, தும்மல் ஒவ்வாமை இருக்கும். இதுதான் அட்டோபிக் எக்ஸிமா, நம் பாட்டிகள் கரப்பான் என்றது பெரும்பாலும் இதைத்தான். இது தொற்றாது. "ரத்தம் கெட்டுப்போச்சு" என்பதும் இல்லை. இந்தக் குழந்தைகளின் தோலுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும் திறன் பிறவியிலேயே குறைவு. சுவரில் செங்கல் இருக்கிறது, இடையில் பூச்சு சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே வைத்தியத்தின் அடித்தளம் பூச்சுதான். வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடக் குளியல். வாசனை இல்லாத மென்மையான சோப்பு, அதுவும் தேவையான இடத்துக்கு மட்டும். கடலை மாவு, நலங்கு மாவு இவற்றின் பொடி சாதாரணத் தோலுக்குச் சரி, இந்தத் தோலில் உப்புத்தாள் போல் உரசும். குளித்ததும் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசர் பூசுங்கள். தினமும் இரண்டு வேளை, தடிப்பு இல்லாத நாளிலும். பெரும்பாலான வீடுகளில் பூசும் அளவு போதவில்லை. ஒரு சின்னக் குழந்தைக்கே வாரத்துக்கு 100 கிராமுக்கு மேல் தேவைப்படும். விலை கட்டுப்படியாகாவிட்டால் வாசனை சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி நன்றாக வேலை செய்யும். தேங்காய் எண்ணெயும் நல்லதே, பாட்டி சொன்னதில் இது சரியான ஒன்று.

தடிப்பு கிளம்பும்போது மருத்துவர் ஸ்டீராய்டு க்ரீம் எழுதுவார். இப்போதுதான் ஸ்டீராய்டு ஆபத்து என்று சொன்னாயே என்று கேட்கலாம். சரியான நோய்க்கு, சரியான வீரியத்தில், சொன்ன நாளுக்கு மட்டும் போட்டால் அது மிக நல்ல மருந்து. பயந்துபோய்ப் பூசாமல் விட்டு, குழந்தை ரத்தம் வரச் சொறிந்துகொண்டிருப்பதும் தவறுதான். அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபைப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். முகத்துக்கு எழுதியதை உடம்புக்கும், உடம்புக்கு எழுதியதை முகத்துக்கும் மாற்றிப் போடக் கூடாது. சென்ற வருடம் அண்ணனுக்கு எழுதியதைத் தம்பிக்கும் கூடாது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கரப்பான் பண்டம் என்று கத்திரிக்காய், கருவாடு, வேர்க்கடலை, முட்டை, பால் என ஒவ்வொன்றாக நிறுத்தி, குழந்தை இளைத்துப்போய்த் தோலும் சரியாகாமல் வரும் குடும்பங்கள் இருக்கின்றன. குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போ வீக்கமோ வாந்தியோ வந்தால்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் மருத்துவர் சொல்லாமல் நீண்ட நாள் நிறுத்த வேண்டாம்.

இந்தக் குழந்தைக்கு ஒரே நாளில் ஒரே அளவுள்ள, நடுவில் குழிந்த புண்கள் கூட்டமாகக் கிளம்பிக் காய்ச்சலும் வந்தால் அது வைரஸ் தொற்று. அன்றே மருத்துவமனை போக வேண்டும்.

ஏழாம் படி: வெயில், வியர்வை, டயபர்

வேர்க்குருவுக்கு மருந்து குளிர்ச்சி. வியர்வை வெளியேறும் துளை அடைபடுவதால் வருவது அது. மின்விசிறி, இரண்டு வேளைக் குளியல், தளர்வான பருத்தி உடை, இவ்வளவு செய்தால் சில நாளில் போகும். பவுடரைக் கொட்டினால் துளை இன்னும் அடையும், கைக்குழந்தை அதைச் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கெடுதல். கத்திரி வெயிலில் பச்சிளம் குழந்தைக்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டுப் போர்த்தி வைப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். நீங்கள் எவ்வளவு உடுத்தியிருக்கிறீர்களோ அதற்கு மேல் ஒரு மெல்லிய துணி போதும்.

மாம்பழம் சூடு, அதனால் கட்டி வரும் என்பார்கள். வேனற்கட்டி பாக்டீரியாவால் வருவது, பழத்தால் அல்ல. ஆனால் மாங்காய்க் காம்பின் பால் பட்டால் வாயைச் சுற்றிப் புண்ணாவது உண்மை. காம்பை வெட்டி, பாலை வடித்து, கழுவி, தோல் சீவிக் கொடுங்கள். கட்டியைப் பிதுக்காதீர்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

டயபர் புண்ணில் ஒரு அடையாளம் மட்டும் தெரிந்துகொண்டால் போதும். மடிப்புகளை விட்டுவிட்டு, டயபர் உரசும் மேட்டில் மட்டும் சிவந்திருந்தால் ஈரமும் உரசலும்தான் காரணம். இரண்டு மூன்று மணிக்கொருமுறை மாற்றி, வெறும் நீரில் கழுவி, காற்றாட விட்டு, ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் தோல் தெரியாத அளவுக்குத் தடிமனாகப் பூசுங்கள். மடிப்புக்குள்ளும் சிவந்து, சுற்றிலும் தனித்தனிச் சின்னப் புள்ளிகள் சிதறியிருந்தால் பூஞ்சை, அதற்கான மருந்து தேவை. டயபருக்குள் வீரிய ஸ்டீராய்டு கலந்த க்ரீமை ஒருபோதும் போடாதீர்கள். மூடிய இடத்தில் மருந்து ரத்தத்துக்குள் போய்க் குழந்தையின் வளர்ச்சியையே பாதிக்கும்.

எட்டாம் படி: வெளிறிய திட்டு

கன்னத்தில் மங்கலான வெள்ளைத் திட்டு வந்தால் பூச்சி மாத்திரையும் கால்சியம் சிரப்பும் வாங்கிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. வயிற்றுப் பூச்சிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. வறண்ட தோலில் வரும் லேசான எக்ஸிமா, வெயிலில் மற்ற இடம் கறுக்கும்போது இது எடுப்பாகத் தெரியும். மாய்ஸ்சரைசர் பூசி வர, சில மாதத்தில் நிறம் திரும்பும். சுண்ணாம்பு மாதிரிப் பளிச்சென்று வெள்ளையாக, தெளிவான ஓரத்தோடு இருந்தால் வெண்புள்ளியாக இருக்கலாம், சீக்கிரம் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

எந்த வெளிறிய திட்டையும் ஒரு பஞ்சுத் திரியால் தொட்டுப் பாருங்கள். குழந்தையின் கண்ணை மூடச் சொல்லித் திட்டிலும் பக்கத்துத் தோலிலும் மாறி மாறித் தொட வேண்டும். திட்டில் உணர்ச்சி குறைவாக இருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை அவசியம். அந்தக் காலத்து நோய் என்று ஒதுக்க வேண்டாம், இன்றும் குழந்தைகளுக்கு வருகிறது. செங்கல்பட்டிலும் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியிலும் இதற்கென்றே பெரிய நிலையங்கள் இருக்கும் மாநிலம் நம்முடையது. மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். ஆரம்பத்தில் எடுத்தால் முழுக்கக் குணமாகும். குழந்தையை ஒளித்து வைக்கத் தேவையே இல்லை.

ஒன்பதாம் படி: காய்ச்சலோடு வரும் அம்மை வகைகள்

சின்னம்மையில் சிவந்த புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் உடம்பில் இருக்கும். கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து எல்லாம் பொருக்காகும்வரை தொற்றும். வேப்பிலை கட்டுவதும் தனியே படுக்க வைப்பதும் வீட்டின் நம்பிக்கை, அதில் தவறில்லை. தனிமைப்படுத்துவது உண்மையிலேயே உதவும். குளிப்பாட்டாமல் விடுவதுதான் தவறு. சுத்தமாக இல்லாவிட்டால் கொப்புளம் சீழ் பிடிக்கும். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் கூடவே கூடாது, ஐபுப்ரோஃபெனும் வேண்டாம். நான்கைந்து நாளுக்குப் பிறகும் காய்ச்சல், மூச்சிரைப்பு, தள்ளாட்டம், அளவுக்கு மீறிய தூக்கம் இருந்தால் "அம்மா இறங்கட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். சின்னம்மை வராத கர்ப்பிணிகளும் பச்சிளம் குழந்தைகளும் அந்த அறைப் பக்கமே வரக் கூடாது. இதற்குத் தடுப்பூசி உண்டு, ஆனால் அரசின் இலவச அட்டவணையில் இல்லை. குழந்தை நல மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

தட்டம்மையில் இருமல், கண் சிவப்பு, அதிகக் காய்ச்சலுக்குப் பிறகு காதுக்குப் பின்னாலிருந்தும் முகத்திலிருந்தும் தடிப்பு கீழே இறங்கும். மருத்துவர் பார்க்க வேண்டிய நோய் இது.

உள்ளங்கை, உள்ளங்கால், வாய் மூன்றிலும் கொப்புளம் என்றால் கை கால் வாய் நோய். 2022-ல் கேரளத்தின் கொல்லத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று பெயரிட்டுப் பரபரப்பானதும் இதன் ஒரு வகைதான். ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போகும். வாய்ப்புண்ணால் குழந்தை குடிக்க மறுக்கும், அப்போது குளிர்ந்த மோரும் இளநீரும் கொடுத்து நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். சில வாரம் கழித்து நகம் கழன்று வரலாம். பயப்படாதீர்கள், புதுநகம் முளைக்கும்.

காய்ச்சல் இல்லாமல் திட்டுத்திட்டாக வீங்கி, ஓர் இடத்தில் மறைந்து இன்னோர் இடத்தில் எழும்புவது காணாக்கடி. ஒவ்வொரு திட்டும் 24 மணி நேரத்துக்குள் தடம் இல்லாமல் மறையும். முத்து மாதிரி மினுமினுத்து நடுவில் குழி உள்ள பாலுண்ணி ஒரு வைரஸ், ஒரு வருடத்துக்கு மேல் ஆனாலும் பெரும்பாலும் தானே உதிரும். சுண்ணாம்பு வைத்துச் சுட வேண்டாம், தழும்புதான் மிஞ்சும்.

பத்தாம் படி: மருத்துவரிடம் போகும் நாள்

போகும் நாளில் குழந்தைக்கு மஞ்சள், எண்ணெய், பவுடர், கேலமைன் எதுவும் பூசாதீர்கள். தோல் தோலாகத் தெரிய வேண்டும். பூஞ்சை சந்தேகம் இருந்தால் செதிலைச் சுரண்டிப் பரிசோதிப்பார்கள், அதற்கு முந்தைய சில நாள் களிம்பு போடாமல் இருந்தால் முடிவு சரியாக வரும். நகத்தில் சாயம் இருந்தால் அழித்துவிடுங்கள்.

இதுவரை போட்ட எல்லா ட்யூபையும், தீர்ந்துபோனதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து என்றாலும் மறைக்காதீர்கள். திட்டுவார்களோ என்று மறைத்தால் கஷ்டப்படுவது குழந்தை. முதல் நாள் எடுத்த படங்களைத் தயாராக வைத்திருங்கள். குழந்தையின் எடையை எழுதி வையுங்கள், மருந்தின் அளவு அதை வைத்துத்தான். வீட்டில் யாருக்கு அரிக்கிறது என்று முந்தின நாள் ராத்திரி ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுங்கள், வெட்கப்பட்டுச் சொல்லாத தாத்தாவையும் சேர்த்து.

சீட்டு வாங்கியதும் எழுந்துவிடாமல் நான்கு விஷயம் கேளுங்கள். இது என்ன, எத்தனை நாள் பூச வேண்டும், எந்த நாளில் நிறுத்த வேண்டும், எது நடந்தால் திரும்ப வர வேண்டும். பதிலை ட்யூபின் அட்டைப்பெட்டியிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். நிறுத்த வேண்டிய தேதியைப் பெரிய எழுத்தில்.